அன்னைத் தேனீயின் முதுகில் ஒரு பொட்டு

உயிர்ப்புப் பெருவிழாவின் முந்திய இரவு. கோவிலின் விளக்குகள் அனைத்தும் அணைந்திருக்கின்றன. முற்றத்தில் மூட்டிய புதுத் தீயிலிருந்து பாஸ்கா திரி ஏற்றப்படுகிறது. அந்த ஒற்றைச் சுடரிலிருந்து நூறு சுடர்கள் பிறந்து, பீடம்வரை ஒளி வெள்ளமாய்ப் பரவுகிறது. பின்னர் பாஸ்கா புகழுரை பாடப்படுகிறது. மீட்பின் வரலாற்றையெல்லாம் எடுத்துரைக்கும் அந்த நெடிய பாடலில் ஒரு சிற்றுயிரும் நினைவுகூரப்படுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? திரிக்கு மெழுகு தந்த தேனீயே அது. இலத்தீன் மூலத்தில் அதற்கு வழங்கும் பெயர் ‘அன்னைத் தேனீ’ என்பதாகும்.

அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவு உத்திரமேரூரை அடுத்த எங்கள் சிற்றூருக்கு, வீட்டுக் கொல்லையில் மாமரத்தடியில் நிற்கும் தேனீப் பெட்டிகளுக்குச் சென்றுவிடுகிறது. ஓர் அன்னையை அடையாளம் அறியாமல் ஒரு குடும்பத்தையே இழந்த கதை அங்கே உண்டு. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

விடை தெரியாத கேள்வி

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பொழுதுபோக்காகவும், பேரப் பிள்ளைகளுக்குக் கலப்படமற்ற தேன் கிடைக்கட்டும் என்ற ஆசையாலும், இரண்டு பெட்டிகள் வாங்கி வைத்தேன். முதல் ஓராண்டு எல்லாம் நன்றாகவே நடந்தது. வேம்பு பூத்தது, புங்கு பூத்தது, புளி பூத்தது, பெட்டிகளும் கனத்தன.

2023ஆம் ஆண்டு ஐப்பசி மழை தொடங்கியபோது ஒரு பெட்டியில் தேனீக்களின் நடமாட்டம் குறையக் கண்டேன். மழைக்காலத்தில் பூ ஏது, பசியாக இருக்கும் என்று எண்ணிச் சர்க்கரைப் பாகு வைத்தேன். எறும்புத் தொல்லையோ என்று ஐயுற்று, பெட்டியைத் தாங்கும் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். எதுவும் பயன்படவில்லை. கார்த்திகை முடியுமுன் அடைகளில் மெழுகுப் பூச்சியின் நூலாம்படை படர்ந்துவிட்டது. எஞ்சியிருந்த கைப்பிடியளவு தேனீக்களும் ஒரு நாள் காலையில் காணாமற்போயின.

பக்கத்து ஊரில் நெடுங்காலமாகத் தேனீ வளர்த்துவரும் ஒரு பெரியவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் அடைச் சட்டம் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வாத்தியாரே, இந்த இராணிக்கு என்ன வயது?”

“பெட்டி வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது, ஐயா.”

“பெட்டி வயதை நான் கேட்கவில்லை. இராணியின் வயதைக் கேட்கிறேன்.”

எனக்குப் பதில் தெரியவில்லை. நாள்தோறும் வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்தவன் நான். ஆயிரக்கணக்கான உயிர்கள் வாழும் ஒரு வீட்டில், எவளை நம்பி அந்த வீடே நின்றதோ அவளைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது! வாங்கும்போதே அவள் முதியவளா, இடையில் மாறினாளா, எப்போது முட்டையிடுவது குறைந்தது, எதுவும் தெரியாது.

“பசியும் இல்லை, நோயும் இல்லை, தாய்க்கு வயதாகிவிட்டது. பூச்சி பிறகு வந்தது. ஆளில்லாத வீட்டில்தானே கறையான் ஏறும்!” என்றார் பெரியவர்.

அரசனா, அரசியா, அன்னையா?

தேன்கூட்டில் மற்றவற்றைவிட நீண்ட உடலுடன் ஒரே ஒரு தேனீ இருப்பதை மனிதர் தொன்றுதொட்டே கண்டிருக்கின்றனர். ஆயினும் அது யார் என்பதில்தான் தடுமாற்றம். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அதனை ‘அரசன்’ என்றே குறிப்பிட்டார். ஆயிரக்கணக்கானோரை ஆள்வது ஆணாகத்தான் இருக்கும் என்று அக்கால மக்கள் எண்ணினர் போலும்! 1609ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சார்ல்ஸ் பட்லர் என்ற போதகர், அது பெண்ணே என்று நூலெழுதி வாதிட்டார். அதே நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு ஸ்வாமர்டாம் உருப்பெருக்கியின் துணையால் அதன் வயிற்றிலிருந்த சூலகங்களைக் கண்டறிந்து ஐயம் தீர்த்தார்.

அரசன் அரசியானான். எனினும் உண்மையில் அவள் அரசியும் அல்லள். கூட்டில் யாருக்கும் அவள் கட்டளையிடுவதில்லை. அடை எங்கே கட்டுவது, எந்தப் பூவுக்குச் செல்வது, எப்போது குடிபெயர்வது என்பவற்றையெல்லாம் பணித் தேனீக்களே கூடி முடிவு செய்கின்றன. அவள் செய்வது ஒன்றே: அறை அறையாகச் சென்று முட்டையிடுவது. நல்ல பருவத்தில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முட்டைகள். அவள் உடலிலிருந்து கசியும் ஒருவகை வாசனைப் பொருளைப் பணித் தேனீக்கள் நக்கி, ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்கின்றன. ‘அம்மா இருக்கிறாள்’ என்ற செய்தி அவ்வாறே இருட்டறைக்குள் வீடெங்கும் பரவுகிறது. அவள் மறைந்தால் சில மணி நேரத்திலேயே கூட்டின் ஓசை மாறிவிடும். ஆள்பவள் அல்லள், ஈன்று புரப்பவள். புகழுரையின் ‘அன்னை’ என்ற சொல்லே அவளுக்குப் பொருத்தமானது.

ஒரு குருவானவர் கண்ட உண்மை

அன்னையின் வயதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்? இதற்கு விடை சொன்னவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

யோகான் ஜியர்சோன் 1811ஆம் ஆண்டு சிலேசியா நாட்டில் பிறந்தவர். 1834இல் குருப்பட்டம் பெற்று, ஒரு சிற்றூர்ப் பங்கில் பல்லாண்டு பணியாற்றினார். மேய்ப்புப் பணியோடு தேனீக்களையும் வளர்த்தார். 1845ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு கருத்து அறிஞர் உலகைத் திகைக்கவைத்தது. இராணி இடும் முட்டைகளில் கருவுற்றவற்றிலிருந்து பெண் தேனீக்களும், கருவுறாதவற்றிலிருந்து ஆண் தேனீக்களும் பிறக்கின்றன என்பதே அது. தந்தையின்றி ஓர் உயிர் தோன்றுமா என்று பலர் எள்ளினர். பின்னர் உருப்பெருக்கி ஆய்வுகள் அவர் சொன்னதே சரி என்று நிறுவின. 1906இல் 95 வயதில் அவர் மறைந்தார்.

இந்த உண்மையிலிருந்தே இராணியின் வயதுக் கணக்கு பிறக்கிறது. இளம் இராணி தன் வாழ்நாளின் தொடக்கத்தில், சில நாட்களுக்குள், வானில் பறந்தபடியே பல ஆண் தேனீக்களுடன் கூடுகிறாள். அப்போது பெற்ற வித்தை வயிற்றிலுள்ள நுண்ணிய பையொன்றில் சேமித்துக்கொள்கிறாள். முட்டையிடத் தொடங்கியபின் அவள் மீண்டும் கூடுவதில்லை. வாழ்நாள் முழுவதும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவு.

இரண்டு மூன்று ஆண்டுகளில் சேமிப்பு குறையும். அப்போது பணித் தேனீ பிறக்க வேண்டிய அறைகளிலும் கருவுறாத முட்டைகள் விழும். உழைக்கும் மகளிர் பிறக்கவேண்டிய இடத்தில் உண்டு திரியும் ஆண்களே பிறப்பர். நம் இந்தியத் தேனீயின் கூட்டில் இதைக் கண்ணாலேயே காணலாம். பணித் தேனீ வளரும் அறையின் மூடி தட்டையாக இருக்கும். ஆண் வளரும் அறையின் மூடியோ கூம்பி, நடுவில் ஊசிமுனைத் துளையுடன் இருக்கும். பெரியவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது அந்தத் துளைகளைத்தான்! அடை முழுவதும் தூவிவிட்டதுபோல் துளையுள்ள மூடிகள். நானும் அவற்றைப் பலமுறை பார்த்திருந்தேன். படிக்கத் தெரியாமல் பார்த்திருந்தேன்.

சட்டம் வந்த வழி

இராணியைக் கண்டு அடையாளமிட வேண்டுமானால் அடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் வசதி வேண்டும். பானையிலும் சுவர் மாடத்திலும் தேனீ குடியிருந்த காலத்தில் புகையிட்டு, அடையை அறுத்துப் பிழிவதே வழக்கமாயிருந்தது. அதில் தேனோடு குஞ்சும் நசுங்கும். பலமுறை தாயும் நசுங்குவாள். 1851இல் அமெரிக்கப் போதகர் லாங்ஸ்ட்ராத், அடைக்கும் அடைக்கும் இடையே தேனீ நடமாடும் அளவு மட்டும் இடம்விட்டால் அதனைத் தேனீக்கள் மெழுகால் அடைப்பதில்லை என்று கண்டார். எடுத்து எடுத்து வைக்கத்தக்க சட்டங்கள் கொண்ட பெட்டியைச் செய்தார்.

அப்பெட்டி மேலைநாட்டுத் தேனீக்கு ஏற்றது. நம் நாட்டுச் சிறிய தேனீக்குப் பெரிது. அதனை நமக்கேற்ற அளவில் குறுக்கித் தந்தவர் அருட்தந்தை நியூட்டன் என்ற இயேசு சபைக் குரு. 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் அவர் தமிழகத்துச் சிற்றூர் மக்கள் பலருக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். அவர் அமைத்த சிறு பெட்டி இன்றும் ‘நியூட்டன் பெட்டி’ என்றே வழங்குகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நிறுவனத்தின் டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் இத்தொழிலை ஊர்தோறும் பரப்பினார். அங்கு வேரூன்றிய தொழிலின் பயனாக மார்த்தாண்டம் தேன் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. எங்கள் மாமரத்தடிப் பெட்டியும் அருட்தந்தையின் அளவைப் பின்பற்றியதே.

ஐந்து நிறங்கள்

இராணியின் முதுகில், இரு சிறகுகளுக்கும் இடைப்பட்ட மார்புப் பகுதியில், ஒரு சிறு வண்ணப் பொட்டு வைப்பது உலகெங்கும் தேனீ வளர்ப்போரின் வழக்கம். அந்த நிறம் இராணி பிறந்த ஆண்டைக் குறிக்கும். ஆண்டின் கடைசி இலக்கம் 1 அல்லது 6 என்றால் வெள்ளை. 2 அல்லது 7 என்றால் மஞ்சள். 3 அல்லது 8 என்றால் சிவப்பு. 4 அல்லது 9 என்றால் பச்சை. 5 அல்லது 0 என்றால் நீலம். 2024இல் பிறந்தவளுக்குப் பச்சை, 2025இல் பிறந்தவளுக்கு நீலம், 2026இல் பிறந்தவளுக்கு வெள்ளை. இராணி ஐந்தாண்டுக்கு மேல் வாழ்வது மிக அரிது. ஆகவே ஐந்து நிறங்கள் சுழன்று வந்தாலே போதும், குழப்பம் நேராது. பெரும் பண்ணைகளில் எண் பொறித்த நுண்ணிய வட்டங்களை முதுகில் ஒட்டுவதும் உண்டு.

தேனீக்குப் பொட்டிட்டு உலகப் புகழ் பெற்றவர் ஆஸ்திரிய அறிஞர் கார்ல் வான் ஃபிரிஷ். ஐந்து வண்ணங்களை மார்பின் முன்புறத்திலும் பின்புறத்திலும் மாற்றி மாற்றி வைத்து, நூற்றுக்கணக்கான பணித் தேனீக்களுக்குத் தனித்தனியே எண் கொடுத்தார். எந்தத் தேனீ எந்தப் பூவுக்குச் சென்றது, திரும்பி வந்து யாருக்குச் சொன்னது என்று அவ்வாறே தொடர்ந்தார். தேனீக்கள் நடனமாடி வழி சொல்லும் வியப்பை உலகுக்கு அறிவித்தார். 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பு நிறம் புலனாகாது என்று காட்டியவரும் அவரே.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கூட்டின் இருளில் எந்த வண்ணமும் தெரியாது. பிள்ளைகள் தாயை மணத்தால் அறிந்திருக்கின்றன. அவற்றுக்குப் பொட்டு வேண்டியதில்லை. அறியாதவன் மனிதன்தான். ஆகவே அந்தப் பொட்டு அவளுடைய அழகுக்கு அன்று. நம்முடைய அறியாமைக்கு நாமே இட்டுக்கொள்ளும் மருந்து.

கை நடுங்கும் வேலை

எஞ்சிய பெட்டியைப் பெரியவரின் துணையால் காத்து வந்தேன். 2024 தை பிறந்ததும் பூவும் மகரந்தமும் பெருகின. அப்பெட்டியிலும் தாய் மாறிப் புதிய இராணி பிறந்திருந்தாள். அவளுக்குப் பொட்டிடும் முறையைப் பெரியவர் கற்றுத் தந்தார். செய்து பார்க்க விரும்புவோருக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, காலம். வானில் பறந்து கூடி வருமுன் கன்னி இராணியைத் தொடவே கூடாது. அறைகளின் அடியில் வெண்ணிற ஊசிபோல் முட்டைகள் நிற்பதைக் கண்டபின்னரே பொட்டிட வேண்டும். கூட்டில் ஆள் பெருகுமுன் செய்துவிட்டால் அவளைத் தேடுவது எளிது. வெயில் ஏறாத காலை நேரம் நல்லது.

இரண்டாவது, தேடுதல். நம் நாட்டு இராணி கூச்சமுடையவள். வெளிச்சம் பட்டதும் அடையின் மறுபக்கத்துக்கு ஓடி ஒளிவாள். புகையை அளவோடு விடவேண்டும். மிகுந்தால் கூட்டமே கலைந்து ஓடும். ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்து இடம் செய்துகொண்டு, புது முட்டை உள்ள சட்டத்தில் தேடவேண்டும். சட்டத்தைப் பெட்டிக்கு நேர் மேலேயே பிடிக்கவேண்டும். தவறி விழுந்தாலும் அவள் தன் வீட்டுக்குள்ளேயே விழுவாள்.

மூன்றாவது, பிடித்தல். வயிற்றுப் பகுதியை ஒருபோதும் அழுத்தலாகாது. வருங்காலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சிறகுகளைப் பற்றி எடுக்கலாம். கை பழகாதோர் ஒரு முனையில் வலை கட்டிய சிறு குழாயில் அவளை விட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்ல வலையோடு அணைத்து நிறுத்தலாம். வலைக் கண்ணின் வழியே முதுகு தெரியும். முதலில் ஆண் தேனீக்களைப் பிடித்துப் பழகுவது அறிவுடைமை. அவற்றுக்குக் கொடுக்கு இல்லை. தவறினாலும் குடி கெடாது. நானும் நான்கைந்து நாட்கள் ஆண் தேனீக்களுக்கே பொட்டிட்டுப் பழகினேன். ‘தாத்தா, மாப்பிள்ளைகளுக்கெல்லாம் பொட்டு வைக்கிறார்!’ என்று பேரப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

நான்காவது, பொட்டு. விரைவில் உலரும் வண்ணம் வேண்டும், நகப்பூச்சு போதும். அதனைத் தீக்குச்சியின் கூரிய முனையில் ஒரு துளி தொட்டு, மார்பின் நடுவில் வைக்கவேண்டும். நம் இராணியின் மார்பு சிறியது. துளியும் சிறியதாகவே இருக்கவேண்டும். கண்ணிலோ உணர்கொம்பிலோ சிறகின் மூட்டிலோ வண்ணம் வழிந்தால் கேடு. சில நிமிடங்கள் உலரவிட்டு, மணம் நீங்கியபின் அடையில் விடவேண்டும். கையில் வாசனை எண்ணெயும் சோப்பு மணமும் இருக்கக் கூடாது. அந்நிய மணம் வீசினால் பிள்ளைகளே தாயை அயலாள் என்று எண்ணி, உருண்டையாக மொய்த்துக் கொன்றுவிடும். அவ்வாறு மொய்ப்பதைக் கண்டால் உடனே தண்ணீர் தெளித்துக் கலைக்கவேண்டும்.

கூட்டம் பிரிந்து போகாதிருக்க இராணியின் சிறகு நுனியைக் கத்தரிப்போரும் உண்டு. பெரியவர் அதை விரும்புவதில்லை. “பறக்க முடியாதவள் வாயிலில் விழுவாள், எறும்பு தின்னும். அவள் இருக்கும் இடம் நமக்குத் தெரிந்தால் போதும். அவளைக் கட்டிப்போட வேண்டுமா?” என்பார்.

முருங்கையில் தொங்கிய சான்று

பொட்டோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு அடியிலும் ஓர் அட்டை வைத்தேன். இராணியின் நிறம், முட்டை கண்ட நாள், எந்தப் பெட்டியின் மகள், புழு அறையில் எத்தனை அடை, தேனீக்கள் சாதுவா சினமுடையவையா, எடுத்த தேன் எவ்வளவு என்று பத்து நாட்களுக்கு ஒருமுறை எழுதினேன். பழைய பதிவேட்டு வழக்கம் இங்கே கைகொடுத்தது.

2025 பங்குனியில் ஒரு நாள் முற்பகல். அடுத்த வீட்டு முருங்கை மரத்தில் பலாப்பழம் அளவுக்குத் தேனீக் கூட்டம் ஒன்று தொங்கியது. அண்டை வீட்டார் பெட்டியோடு வந்து நின்றார்கள். “எங்கள் மரத்துக்கு வந்தது எங்களுடையது” என்றார் அந்த இல்லத்தலைவர். “மாமரத்தடியிலிருந்து போனதாக இருக்கும்” என்றேன் நான். முன்னரே வேலிப் பூசல் ஒன்றால் இரு வீட்டுக்கும் பேச்சு குறைந்திருந்த காலம் அது. குரல்கள் உயரத் தொடங்கின.

பெரியவர் வந்தார். கூட்டத்தை மெல்ல ஒரு கூடையில் வாங்கினார். சற்று நேரம் உற்றுப் பார்த்தவர், விரலால் சுட்டிக் காட்டினார். பழுப்பு உடல்களின் நடுவே ஒரு பச்சைப் பொட்டு! 2024இல் நான் நடுங்கும் கையால் வைத்த அதே பொட்டு. வழக்கு தீர்ந்தது.

அந்தப் பொட்டு வேறொன்றையும் சொல்லியது. கூட்டம் பிரியும்போது வெளியேறுபவள் மூத்த தாயே. மகள் பிறக்க இருக்கும் வேளையில், கட்டிய வீட்டையும் சேர்த்த தேனையும் மகளுக்கு விட்டுவிட்டு, முதியவளே புது இடம் தேடிப் புறப்படுகிறாள். ஆகவே என் பெட்டியில் தாய் இல்லை; இராணி அறைகள் மட்டுமே இருக்கும் என்பது தெளிவாயிற்று. அன்றே திறந்து பார்த்தேன். அடையின் அடி விளிம்பில் நிலக்கடலைபோல் தொங்கிய அறைகளில் நல்லது ஒன்றை விட்டு மற்றவற்றை நீக்கினேன். ஏறத்தாழ மூன்று வாரத்தில் புது இராணி முட்டையிடத் தொடங்கினாள். அவளுக்கு நீலப் பொட்டு. முன்பு ஒரு குடும்பத்தை இழந்தவன், இம்முறை தக்க நேரத்தில் அறிந்து காத்தேன்.

பச்சைப் பொட்டுக்காரியை என்ன செய்வது? வழக்கில் வென்றவன் நான்தான். ஆனால் என் மனைவி சொன்ன சொல் என்னை நிறுத்தியது: “தாயே மகளுக்கு வீட்டை விட்டுக்கொடுத்துப் போயிருக்கிறாள். நாம் ஒரு கூட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டோமா?” கூடையை அண்டை வீட்டாரிடமே கொடுத்தேன், அவளுடைய அட்டையையும் சேர்த்துக் கொடுத்தேன். இன்று அவர்கள் வீட்டில் மூன்று பெட்டிகள். வேலிப் பூசல் எதைப் பற்றியது என்பதே இரு வீட்டாருக்கும் மறந்துவிட்டது.

கல்லில் எழுதிய கணக்கு

இத்தகைய கணக்கு வீட்டளவில் நின்றுவிடுவதன்று. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோய் தென்னகத்தைத் தாக்கியது. தமிழகத்திலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் இந்தியத் தேனீக் கூடுகளில் பெரும்பாலானவை அழிந்தன. தேனை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வெறும் பெட்டிகளைப் பார்த்துக் கண்ணீர் விட்டன. நோயைத் தாங்கி நின்ற சில கூடுகளிலிருந்தே தொழில் மீண்டும் தளிர்த்தது. எந்தத் தாயின் மக்கள் நோயை வென்றனர் என்று அறிந்தவனே அவள் வழியைப் பெருக்க முடியும். அடையாளமும் அட்டையும் இல்லாதவனுக்கு எல்லாக் கூடும் ஒன்றுபோலவே தோன்றும்.

கணக்கின் அருமையை உத்திரமேரூரார்க்கு வெளியூரார் சொல்லித் தரவேண்டியதில்லை. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டிய கல்வெட்டுகள் உள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு நிற்கலாகாது. அவருடைய உறவினரும் நிற்கலாகாது என்று விதித்திருக்கிறார்கள். ஏரியை ஒப்படைத்தால் ஏரிக்குக் கணக்கு. தோட்டத்தை ஒப்படைத்தால் தோட்டத்துக்குக் கணக்கு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கற்கள் கேட்கின்றன: உன்னிடம் ஒப்படைத்தது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது?

அன்று பெரியவர் என்னிடம் கேட்டதும் அதே கேள்விதான்.

நம் இல்லத்து அன்னையர்

சிறகுள்ளவற்றுள் தேனீ சிறியது, ஆயினும் அது தரும் கனியே இனியவற்றுள் முதன்மையானது என்ற கருத்தைச் சீராக்கின் ஞானநூல் சொல்கிறது. நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று யோவான் நற்செய்தியில் ஆண்டவர் கூறுகிறார். பெயர் சொல்லி அழைப்பது என்பது என்ன? மந்தையில் ஒன்றாக எண்ணாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்திருப்பது. இன்று அதற்கு என்ன வேண்டும், நேற்றைவிட இன்று அது சோர்ந்திருக்கிறதா என்று கவனிப்பது. அறியாமல் செலுத்தும் அன்பு சில வேளைகளில் சர்க்கரைப் பாகு வைப்பதோடு நின்றுவிடும். நானும் அன்பில்லாமல் அந்தப் பெட்டியை இழக்கவில்லை, அறியாமல் இழந்தேன்.

அன்பு வாசகர்களே! உங்கள் இல்லத்திலும், யாரை நம்பி வீடு நிற்கிறதோ அந்த ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் அவர் தாயாகவோ பாட்டியாகவோ இருப்பார். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவர் அவர். அவர் எப்போது சோர்ந்தார், எப்போது அவருடைய கண் மங்கியது, கடைசியாக எப்போது மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்கு உடனே விடை வரும்?

இன்று காலையும் நீலப் பொட்டுக்காரியைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத அமர்ந்தேன். அடையின் நடுவில் அமைதியாக நடந்துகொண்டிருந்தாள், பிள்ளைகள் வழிவிட்டன. அட்டையில் தேதியிட்டு, ‘தாய் நலம்’ என்று எழுதி, மூடியை மெல்ல மூடினேன்.